பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

நவம்பர் முழுக்க எங்கள் ஸ்கேன் வண்டி
பிரீஸ்லாந்தின் டொக்கும் ஊரில்
சந்தைத் திடலுக்குப் பின்னால் நின்றது.
ஒரு பக்கம் மீன் பொரிக்கும் எண்ணெய் வாசம்,
மறுபக்கம் கால்வாய்.
வந்து படுத்தவர்கள் நோயாளிகள் அல்ல.
ஊர்ப் பதிவேட்டில் குலுக்கி எடுத்த பெயர்கள்.
வலிக்கிறதா என்று யாரையும் கேட்டு எடுக்கவில்லை.

என் வேலை பெரிதில்லை.
சாவி, பெல்ட், காது மெஷின் வாங்கி வைப்பேன்.
அசையாதீர்கள் என்பேன்.
அவர்கள் முதுகு திரையில்
சாம்பல் நிறத்தில் எழுந்து வரும்.
அடிமுதுகில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் இடையில்
முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு
ஒரு கோடு இழுப்பேன்.
பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் குறுகல்.
பத்துக்கும் கீழே என்றால் கடுங்குறுகல்.
முதல் வாரம் முடிவதற்குள்
அறுபது தாண்டியவர்களில் பாதிப்பேர்
அந்தப் பன்னிரண்டுக்குக் கீழே
நெருக்கியடித்து நின்றார்கள்.

இயந்திரம் கோளாறு என்று நினைத்தேன்.
தண்ணீர் நிரப்பிய சோதனைக் குடுவையை
இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.
கோளாறு இல்லை.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஃபோக்யேவுக்கு எழுபத்தொரு வயது.
அவர் கால்வாய் ஏழரை.
ஆனால் ஏழரை அவரைப் பிடிக்கவில்லை.
படுக்கையிலிருந்து துள்ளி இறங்கி,
இந்தக் குளிரிலாவது பனி கெட்டிப்படுமா,
சறுக்குக் காலணியைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன் என்றார்.
நான் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.

அவருக்கு அடுத்து வந்தவர் ஹில்கே,
பாலம் தூக்குகிறவர்.
பதினொன்றே முக்கால். ஏட்டில் எழுதக்கூட யோசிக்கிற அளவு.
அவரோ இரண்டு விளக்குக் கம்பம் நடந்தால்
கால் இரண்டும் ஈர மணல் மூட்டை என்றார்.
மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பாராம்,
குடிகாரன் என்று நினைத்துச் சிறுவர்கள் சிரிப்பார்களாம்.
"சைக்கிள் ஏறினால் கடல் அணை வரை போவேன்.
இறங்கினால் ரொட்டிக்கடை வெளிநாடு."

குனிந்தால் கால்வாய் கொஞ்சம் திறக்கும்.
நிமிர்ந்தால் மூடும்.
உடம்பு இதைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது,
யாரிடமும் சொல்லாமல்.

அதற்குப் பிறகு
சூப்பர் மார்க்கெட்டில் என் கண் சரக்கில் நிற்கவில்லை.
ஒரே ஒரு பால் டப்பாவுக்குப்
பெரிய தள்ளுவண்டி எடுத்து
கைப்பிடிமேல் முழங்கை ஊன்றிப் போகிறவர்கள்.
பாலாடைக்கட்டி அலமாரிக்கு முன்னால்
விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்தே நிற்கிறவர்கள்.
அஞ்சல் நிலையத்தில், நிறுத்தத்தில், சவ அடக்கத்தில்
முதலில் நாற்காலியைத் தேடும் கண்கள்.
வயசாச்சு என்கிறார்கள்.
அந்த ஒரு சொல்லில் எத்தனை பேரை அடக்குவது?

கடைசி வெள்ளிக்கிழமை ஒருவர் வரவில்லை.
அரை மணி காலி.
மார்ரித் சொன்னாள், நீ படு.
எனக்கு ஐம்பத்தாறு.
என் சாவியை, என் பெல்ட்டை அவள் வாங்கி வைத்தாள்.
அசையாதே என்றாள்,
நான் சொல்வதைவிடக் கொஞ்சம் மென்மையாக.
தடதடவென்று அந்தச் சத்தம்.
உள்ளே இருந்து கேட்டால் அது வேறு சத்தம்.

வெளியே வந்தபோது கோடு போட்டிருந்தாள்.
பதினொன்று.
எனக்கு எங்கும் வலி இல்லை.
காலையில் மூன்றாம் மாடிக்கு
வாழைப்பழச் சீப்போடு ஓடி ஏறியவள் நான்.
இருந்தும் கோட்டின் முடிச்சை நகர்த்தி
ஒரு முறை நானே அளந்தேன்.
பதினொன்றுதான்.

சாயங்காலம் பாலத்தில் மணல் படகு வந்தது.
ஹில்கே தடுப்புக் கம்பியில் மார்பைச் சாய்த்து,
தூண்டில் நுனியில் கட்டிய மரச்செருப்பை
காசுக்காகப் படகுக்காரனிடம் இறக்கினார்.
படகின் இரு பக்கமும் ஒரு சாண்தான்.
உரசாமல் போனது.

"எண்ணி முடித்தீர்களா? மொத்தம் எத்தனை பேர்?"
"இன்னும் கூட்டவில்லை. நிறைய."
செருப்பிலிருந்து காசைக் கொட்டிக்கொண்டே கேட்டார்,
"என்னையும் சேர்த்தா?"

நானும் கம்பியில் சாய்ந்தேன்.
என்னையும் சேர்த்து, என்றேன்.